எல்எம்15-க்குத் தெரியாத கரும்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

எல்எம்10 என்ற எதிர்ப்பொருள் போட்ட கரும்புச் சீவல் நுண்ணோக்கியில் ஒளிர்ந்தது. எல்எம்11 போட்டது இருட்டாக இருந்தது. இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டி, கீழே ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தாள் மாணவி: "முதிர்ந்த கணுவிடையில் அராபினோசைலன் இல்லை."

ஆர் 570 என்ற கரும்பு வகையின் தண்டு அது. கரும்பு புல் இனம். அராபினோசைலன் புல்லின் செல் சுவரில் நிறைந்திருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. புல்லின் செல் சுவரில் அராபினோசைலன் இல்லை என்று எழுதுவது, கடல் நீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு உப்பு இல்லை என்று சொல்வதைப் போன்றது. அப்படிச் சொல்கிறவரின் நாக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மொரீஷியஸில் மோக்கா பக்கம் ஒரு சிறிய ஆய்வகத்தில் நுண்ணோக்கி அறையைப் பார்த்துக்கொள்பவள் நான். அவள் முதுகலை ஆய்வுக்காக வந்தவள். வீட்டில் கிரியோல், பள்ளியில் படித்த தமிழ். என்னிடம் மட்டும் வீம்புக்குத் தமிழில்தான் பேசுவாள். கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பார்கள். எங்கள் பாட்டன் பூட்டன்மார் கரும்பை வெட்டுவதற்கே கூலிக்குக் கப்பலேறியவர்கள். பேத்தி அதே கரும்பைச் சவர பிளேடால் கண்ணாடிபோலச் சீவிக்கொண்டிருந்தாள்.

எதைத் தேடினோம்

இந்தத் தீவில் கரும்புச் சக்கை குப்பை அல்ல. ஆலையோடு சேர்ந்த மின் நிலையத்தில் எரிந்து மின்சாரமாகிறது. எரிப்பதற்குப் பதிலாக அதிலிருந்து எரிசாராயமோ வேறு பொருளோ எடுக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் குறுக்கே நிற்பது ஹெமிசெல்லுலோஸ். சக்கையின் உலர் எடையில் ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் அதுதான். செல்லுலோஸ் இழைகளைச் சுற்றிப் படர்ந்திருக்கும் பலவகைச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு அது பொதுப்பெயர்: சைலன், சைலோகுளுக்கன், மன்னான், புல்லினத்துக்கே பெரும்பாலும் உரிய கலப்பு இணைப்பு குளுக்கன்.

தண்டை அரைத்து அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரைகளை எண்ணினால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். எந்தச் செல்லில், சுவரின் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாது. கணுவிடையின் நடுவில் உள்ள மென்மையான பாரன்கைமா திசுவும், சாறு கடத்தும் கற்றையைச் சுற்றிய முரட்டு நாரும் ஒரே சோதனைக்குழாயில் சேர்ந்து சராசரியாகிவிடும். இடத்தைக் காட்ட எதிர்ப்பொருள் வேண்டும்: குறிப்பிட்ட ஒரு வடிவத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதம்.

இந்த எதிர்ப்பொருள்களின் பிறப்பு கொஞ்சம் சுவாரசியமானது. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவில்லாமல் சுரக்கும் கலப்புச் செல்களை உருவாக்கிக் காட்டினார்கள். 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவரச் சுவர் ஆய்வாளர்கள் அந்த வித்தையைச் சர்க்கரைச் சங்கிலிகளுக்குத் திருப்பினார்கள். வெறும் சர்க்கரையைப் பார்த்து எலியின் உடல் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. அதனால் சர்க்கரைத் துண்டை ஒரு புரதத்தோடு பிணைத்து ஊசி போடுவார்கள். 'எல்எம்' என்பது லீட்ஸ் மோனோக்ளோனல் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் நாக்ஸ் குழு எலிச் செல்களிலிருந்து எடுத்தவை. 2005-இல் எல்எம்10, எல்எம்11 இரண்டும் சைலனுக்காக வந்தன. 2008-இல் சைலோகுளுக்கனுக்கு எல்எம்15.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடியிடம் உண்டு. அது முழுச் சங்கிலியையும் பிடிப்பதில்லை. நான்கைந்து சர்க்கரை அளவுள்ள ஒரு வடிவத்தைத்தான் பிடிக்கும். எல்எம்10 கிளைகள் இல்லாத, அல்லது மிகக் குறைந்த சைலனை மட்டும் பிடிக்கும். எல்எம்11 அதையும் பிடிக்கும், அராபினோஸ் கிளைகள் தொங்கும் சைலனையும் பிடிக்கும். இந்த ஒரு வரி நினைவில் இருந்தால் மாணவியின் இரண்டு படங்களைப் பார்த்த உடனே புருவம் உயரும்: கண்டிப்பானவன் ஒருவனை உள்ளே விட்டிருக்கிறான், தாராளமானவன் அதே ஆளை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறான்.

கொஞ்சம் விட்டுக்கொடுத்தும் சொல்ல வேண்டும். 2017-இல் செயற்கையாகச் செய்த சர்க்கரைத் துண்டுகளை வரிசையாகப் பதித்துச் சோதித்தபோது, எல்எம்10 சைலன் சங்கிலியின் ஒரு நுனியைப் பிடிப்பது என்று தெரிந்தது. எல்எம்11 நடுச்சங்கிலியைப் பிடிப்பது. ஆகவே இரண்டும் எப்போதும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒன்று பளீரென்றும் மற்றொன்று முழு இருட்டாகவும் வந்தால், கரும்பைச் சந்தேகிக்கும் முன் குப்பியைச் சந்தேகிப்பதுதான் முறை.

முதல் இருட்டு

செய்முறை சிக்கலானது இல்லை. தண்டுத் துண்டை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, மெல்லிய சீவல்களாகச் சீவி, பால் பவுடர் கரைத்த உப்புக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். பால் புரதம் கண்ட இடத்தில் ஒட்டும் பசையை அடக்கும். (கடையில் வாங்கிய சாதாரண ஆடை நீக்கிய பால் பவுடர்தான். புதிதாக வருகிறவர்கள் யாரும் இதை நம்புவதில்லை.) பிறகு எலியின் எதிர்ப்பொருள், கழுவல், அதன்மேல் எலி எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இரண்டாம் எதிர்ப்பொருள். இரண்டாவதன் முதுகில் பச்சையாக ஒளிரும் சாயம் ஒட்டியிருக்கும். நாம் பார்க்கும் பச்சை, சைலன் அல்ல. சைலனைப் பிடித்தவனைப் பிடித்தவன் கையில் உள்ள விளக்கு. இடையில் யார் கை நழுவினாலும் விளக்கு எரியாது.

நான் அவளை மறுபடியும் கரும்பு சீவ விடவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, கோதுமை அராபினோசைலன், பிர்ச் மரச் சைலன், புளியங்கொட்டைச் சைலோகுளுக்கன் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மைக்ரோலிட்டர் பொட்டாக வைக்கச் சொன்னேன். பொட்டு வைப்பதில் அவளுக்குக் கை நன்றாக ஓடியது. ஒரு தாளில் நிறம் கொடுக்கும் நொதி ஒட்டிய பழைய இரண்டாம் எதிர்ப்பொருள். இன்னொரு தாளில் கரும்புக்குப் பயன்படுத்திய அதே பச்சைச் சாய எதிர்ப்பொருள்.

முதல் தாளில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே வந்தன. எல்எம்10 பிர்ச் பொட்டில் மட்டும், எல்எம்11 பிர்ச்சிலும் கோதுமையிலும், எல்எம்15 புளியங்கொட்டையில். இரண்டாவது தாளை நீல விளக்கின்மேல் வைத்தோம். எல்எம்10 இருந்த இடம் மின்னியது, எல்எம்15 மின்னியது. எல்எம்11 இருந்த இரண்டு இடங்களும் வெறும் தாள்.

குப்பியை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். எழுத்து எறும்புக்கால் அளவு. "காமா சங்கிலிக்கு மட்டும்" என்று பொருள்படும் இரண்டு சொற்கள். காரியம் அங்கேயே முடிந்தது. எதிர்ப்பொருளில் கனச்சங்கிலி, லேசான சங்கிலி என்று இரண்டு உண்டு; கனச்சங்கிலியை வைத்துத்தான் வகை பிரிப்பார்கள். எல்எம்10-உம் எல்எம்15-உம் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்கள். அவற்றின் கனச்சங்கிலி காமா. எல்எம்11 ஐஜிஎம் வகை. அதன் கனச்சங்கிலி மியூ. முன்பு வாங்கிக்கொண்டிருந்த குப்பி முழு மூலக்கூறுக்கு எதிரானது. இரண்டு வகைக்கும் பொதுவான லேசான சங்கிலியைப் பிடித்து ஐஜிஎம்மையும் பார்த்துவிடும். இம்முறை வந்தது வேறு. பட்டியலில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், விலையில் கொஞ்சம். கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

"அக்கா, அப்படியென்றால் மன்னான் படமும் போய்விட்டதா?" என்று கேட்டாள். மன்னானைப் பிடிக்கும் எல்எம்21-உம் ஐஜிஎம். அவள் நோட்டில் இரண்டு பக்கம் முன்னால் "மன்னான் இல்லை" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அன்றைக்கு எழுந்து போய்விட்டாள்.

சரியான குப்பி பிளேசான்ஸ் விமான நிலையம் வழியாக வந்து சேர்ந்ததும் எல்எம்11 கரும்பு முழுவதும் ஒளிர்ந்தது. கற்றைகளைச் சுற்றிய நார்த் தொப்பிகள் தீபாவளி மாதிரி இருந்தன. அதைப் பார்த்து நான் மகிழவில்லை. அதில் பாதி பொய். சுவரை மரம்போல இறுக்கும் லிக்னினும், அராபினோஸ் கிளைகளில் ஒட்டியிருக்கும் ஃபெருலிக் அமிலமும் விளக்கைப் பார்த்த உடனே தாமாகவே ஒளிரும் பொருள்கள். புறஊதா ஒளியில் புல்லின் சுவர் நீலமாகத் தெரிவதும், அம்மோனியா பட்டதும் பச்சையாக மாறுவதும் 1976-இலேயே பதிவானவை. எதிர்ப்பொருளே போடாத சீவலைப் பார்த்தபோது நார்த் தொப்பி அங்கேயும் பச்சைதான். கொஞ்சம் மங்கல், அவ்வளவே. அதற்கு மேல் கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும் நிலையில் இருந்தது. மங்கலான படத்தை அது பரிவோடு பிரகாசமாக்கிக் கொடுத்துவிடும். அந்தப் பரிவை அணைத்து, எல்லாச் சீவல்களுக்கும் ஒரே ஒளிநேரம் வைத்து, டொலுடின் நீலத்தில் ஐந்து நிமிடம் நனைத்துத் தன்னொளிர்வை அடக்கிய பிறகுதான் எல்எம்11 படத்தை நான் படம் என்று ஏற்றுக்கொண்டேன்.

இரண்டாம் இருட்டு

முதல் இருட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்ட தெம்பில், கரும்பில் எல்எம்15-உம் இருட்டாக வந்திருந்ததற்கும் குப்பியைத்தான் காரணமாக்கப் பார்த்தாள். ஆனால் பொட்டுத் தாளில் எல்எம்15 இரண்டு இரண்டாம் எதிர்ப்பொருள்களோடும் வேலை செய்திருந்தது. குப்பி நிரபராதி. கரும்புச் சீவலில் மட்டும் பாரன்கைமா கறுப்பாக இருந்தது.

தாளில் வைத்த பொட்டு வேறு, திசுவில் உள்ள சுவர் வேறு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சுவருக்குள் இருக்கும் சைலோகுளுக்கனை நம் கையால் பார்க்க வேண்டும். அதற்கு இந்தத் தீவில் எந்த நிறுவனத்திடமும் ஆர்டர் போட வேண்டியதில்லை. எல்எம்15-ஐ உருவாக்க எலிக்குக் கொடுத்த சர்க்கரைத் துண்டே புளியங்கொட்டைச் சைலோகுளுக்கனிலிருந்து வந்ததுதான்: நான்கு குளுக்கோஸ், மூன்று சைலோஸ், மொத்தம் ஏழு. எங்கள் வீட்டில் அந்த வாரம் ஏழு கறி விருந்து. ரசத்துக்குக் கரைத்த புளியில் ஒதுக்கிய கொட்டைகள் ஒரு கிண்ணம் நிறைய இருந்தன. கழுவி, பழைய மருந்துப் புட்டியில் போட்டுக் கொண்டுபோனேன். "கொட்டையில் என்ன கறி வைக்கப் போகிறாய்?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை.

இரவு முழுவதும் ஊறியும் அந்த மாநிறத் தோல் விட்டுக்கொடுக்கவில்லை. சூடான தண்ணீரில் போட்டு எடுத்து நகத்தால் உரித்தோம். உள்ளே இரண்டு பருப்புகள், தந்தம் மாதிரி வெள்ளை, தந்தம் மாதிரி கெட்டி. சீவலின்மேல் ஒரு துளி அயோடின் விட்டதும் நீலம் ஏறியது. மாவுச்சத்து என்று ஏமாந்துபோகலாம். மாவுச்சத்து என்றால் செல்லுக்குள் மணிமணியாகத் தெரியும், இங்கே நீலம் ஏறியது சுவரில். விதை முளைக்கும்போது தின்பதற்காகத் தன் சுவரையே களஞ்சியமாக்கி வைத்திருக்கிறது. பருத்தி நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டை மாவைப் பயன்படுத்துவதும் இந்தப் பசைக்காகத்தான். எல்எம்15 போட்டதும் சுவர்கள் கண் கூசும் பச்சை. புளியங்கொட்டைச் சைலோகுளுக்கனோடு முன்கூட்டியே கலந்து வைத்த எல்எம்15-ஐப் போட்டபோது அந்தப் பச்சை அணைந்துவிட்டது. எதிர்ப்பொருளின் வாயை அடைத்தால் அது சுவரைக் கடிக்காது. அது ஒட்டியது தற்செயலாக அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கரும்புக்குத் திரும்பினோம். இருட்டுக்கு இப்போது மூன்று பொருள் மிச்சம். ஒன்று, சைலோகுளுக்கன் உண்மையிலேயே இல்லை. இரண்டு, இருக்கிறது, ஆனால் எல்எம்15 கேட்கும் வடிவத்தில் இல்லை. புல்லின் சைலோகுளுக்கனில் சைலோஸ் கிளைகள் குறைவு. புளியங்கொட்டையில் இருப்பதைப் போல வரிசையாக மூன்று கிளைகள் அமைவது அரிது. மூன்று, இருக்கிறது, வேறொன்று அதை மூடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதற்கு முன்னுதாரணம் உண்டு. எல்எம்15-ஐ அறிமுகப்படுத்திய அதே 2008 ஆய்வில், புகையிலைத் தண்டின் சுவரிலிருந்து பெக்டின் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியை நொதி கொண்டு அகற்றியதும் அதுவரை தெரியாத சைலோகுளுக்கன் பெருமளவில் வெளியே தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியும் என்று நிரூபித்த ஆய்வு அது. மாணவி அதைப் படித்திருந்தாள். நான் விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில் அதே செய்முறையை வரிக்கு வரி கரும்புக்குச் செய்து முடித்திருந்தாள்: காரக் கரைசலில் இரண்டு மணி நேரம், பிறகு பெக்டினை வெட்டும் பெக்டேட் லையேஸ் நொதி. விளைவு, அதே இருட்டு. அதை வைத்து "மறைப்பு இல்லை, ஆகவே சைலோகுளுக்கனும் இல்லை" என்று முடிவு கட்டியிருந்தாள்.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் இதுதான். அவள் கையில் பிழை இல்லை. கரைசல், நேரம், வெப்பம் எல்லாம் சரி. புகையிலைக்கும் கரும்புக்கும் சுவரே வேறு. புகையிலை போன்ற இருவித்திலைத் தாவரத்தின் முதல்நிலைச் சுவரில் பெக்டின் 20 முதல் 35 விழுக்காடு, சைலோகுளுக்கன் 20 முதல் 25. புல்லில் பெக்டின் 5 விழுக்காடு அளவுதான்; சைலோகுளுக்கன் 1 முதல் 5. அங்கே இடத்தை அடைத்திருப்பது 20 முதல் 40 விழுக்காடு வரை உள்ள சைலன். சோறு எது, பூசணிக்காய் எது என்பதே இரண்டு தட்டிலும் வேறு. புகையிலையின் திரையைக் கரும்பில் விலக்கினால் விலகுவதற்கு அங்கே திரை ஏது?

ஆகவே சைலனை வெட்டும் நொதி. நடுநிலைப் பாஸ்பேட் கரைசலில் சைலனேஸ், ஓர் இரவு. பக்கத்துக் கிண்ணத்தில் நொதி இல்லாத அதே கரைசலில் அதே தண்டின் சீவல்கள். மறுநாள் காலை முதலில் எல்எம்11 பார்த்தோம். நொதி வேலை செய்ததா என்று தெரியாமல் எல்எம்15-ஐப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பாரன்கைமாவில் எல்எம்11 ஏறக்குறைய அணைந்திருந்தது. நார்த் தொப்பியில் அசையவே இல்லை.

பிறகு எல்எம்15. நொதி இல்லாத சீவல், கறுப்பு. நொதி பட்ட சீவலை வைத்து நுண்ணோக்கியின் குவியத்தை மெதுவாகத் திருப்பினேன். மூன்று செல்கள் சந்திக்கும் இடத்தில், காற்று நிற்கும் அந்த முக்கோணச் சந்தின் ஓரங்களில், மெல்லிய பச்சை. கோலத்துக்கு முதலில் புள்ளி வைப்பார்களே, அதைப் போலச் சந்துகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. கோடுகள் பிறகுதான், கண் பழகியதும், மிக மங்கலாக. புளியங்கொட்டையின் அந்தப் பளீர் ஒளி இங்கே இல்லை. அதே ஒளிநேரத்தில் எடுத்த படத்தில் பார்க்கிறவர் கொஞ்சம் கண்ணைச் சுருக்கத்தான் வேண்டும்.

யாரையாவது அழைத்துக் காட்ட அவள் ஓடுவதற்குள் நான் கதவை மறித்தேன். சைலோகுளுக்கனோடு முன்கலந்த எல்எம்15 போட்டுப் பார்த்தோம்: சந்துகள் அணைந்தன. முதல் எதிர்ப்பொருள் இல்லாத, நொதி பட்ட சீவல்: இருட்டு. சைலனேசுக்குப் பிறகு சைலோகுளுக்கனை வெட்டும் நொதியையும் கொடுத்த சீவல்: மறுபடியும் இருட்டு. அதற்குப் பிறகுதான் வழிவிட்டேன்.

இது யாரும் காணாத அதிசயம் அல்ல. கரும்பின் நெருங்கிய உறவான மிஸ்கான்தஸ் புல்லின் தண்டில், சைலன் சைலோகுளுக்கனை மறைப்பதை லீட்ஸ் குழு 2013-இல் காட்டியிருக்கிறது. அதை முன்பே படித்திருந்தால் ஒரு வாரத்து லையேஸ் நொதி மிச்சம். அவள் படிக்கவில்லை என்று குறை சொல்லலாம்; நான் படித்திருந்தேன், புகையிலைச் செய்முறை மேசையில் கிடந்தபோது பார்த்துவிட்டுத்தான் விடுப்பில் போனேன்.

என்ன எழுதினோம், என்ன எழுதவில்லை

படக்குறிப்புகளில் "இல்லை" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக எந்த எதிர்ப்பொருள், எந்த இரண்டாம் எதிர்ப்பொருள், எந்த நொதிக்குப் பிறகு, எந்த ஒளிநேரத்தில் என்று எழுதி, "பிடியிடம் கண்டறியப்படவில்லை" என்று முடித்தாள். குறிப்பு படத்தைவிட நீளமாகிவிட்டது என்று சலித்துக்கொண்டாள். சந்துகளில் தெரிந்த பச்சையின் பிரகாசத்தை அளந்து, கரும்பில் சைலோகுளுக்கன் இத்தனை பங்கு என்று எழுதும் ஆசையும் அவளுக்கு இருந்தது. அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. எல்எம்15 எண்ணுவது தன் வடிவத்தை மட்டும். அந்த வடிவம் புல்லில் அரிது என்றால் மங்கலான பச்சைக்குப் பின்னால் நிறையவும் இருக்கலாம், கொஞ்சமும் இருக்கலாம். அளவு வேண்டுமென்றால் சுவரைக் காரத்தில் படிப்படியாகக் கரைத்து, கரைசல்களின் சர்க்கரைகளை அளக்கட்டும். அந்த வேலை வேறு அறையில் நடக்கிறது.

மன்னானைச் சரியான இரண்டாம் எதிர்ப்பொருளோடு திரும்பச் செய்தாள். கற்றைக்குள் சில செல்களில் லேசாக வந்தது. அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

நார்த் தொப்பி மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அங்கே சைலனேஸ் கொடுத்தும் எல்எம்11 அப்படியே நிற்கிறது, எல்எம்15 இருட்டாகவே நிற்கிறது. லிக்னின் இறுகிய சுவருக்குள் நொதி நுழையவே இல்லை என்பது என் ஊகம். நொதி நுழையாத இடத்தில் எல்எம்15-இன் இருட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அடுத்த வெட்டுப் பருவத்தில் இளம் கணுவிடைகளிலிருந்து, லிக்னின் ஏறும் முன்பே, சீவல் எடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். இப்போதைக்கு ஆய்வேட்டில் அந்தச் செல்களின் படம் இருக்கிறது. அட்டவணையில் அவற்றுக்கு நேரே உள்ள கட்டம் காலியாக இருக்கிறது.